அது ஃபெராரி இல்லையாம்

அன்புள்ள நண்பா,

உன் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. எனக்கும் கண்ணாடி பவர் ஏறிவிட்டது. ஆனாலும் போலீஸ் துரத்தல் வீடியோவைப் பார்த்துக் கார் பெயர் சொல்லும் பைத்தியம் மட்டும் தெளியவில்லை.

போன வாரம் மானம் போனது. ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த காட்சி. சிவப்பாக, தரையோடு ஒட்டிக்கொண்டு ஒரு கார் பறக்கிறது. "ஃபெராரி 488" என்று அடித்துச் சொன்னேன். மகள், "அப்பா, பின்விளக்கை எண்ணுங்க" என்றாள். பக்கத்துக்கு இரண்டு. 488-க்குப் பக்கத்துக்கு ஒரே வட்டம்தான்! அது அமெரிக்கக் கார், கார்வெட் சி8. 2020 மாடலில் எஞ்சினை முன்னாலிருந்து இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள் அல்லவா, அதிலிருந்து மேலே இருந்து பார்த்தால் இத்தாலிக்காரன் ஜாடை வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் நாம் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். ஹெலிகாப்டர் படத்தில் அதற்கு வழியில்லை. லோகோவும் தெரியாது. இரவானால் வெப்பக் கேமரா போட்டுவிடுவார்கள், நிறமும் போச்சு. எனக்கென்னவோ அப்போதுதான் கண்டுபிடிப்பது சுலபம் என்று படுகிறது. சூடான இடம் வெள்ளையாகத் தெரியும்படி வைத்திருந்தால், சாதாரண காரில் பானெட் பளபளக்கும். இருக்கைக்குப் பின்னால் எஞ்சின் வைத்த லம்போர்கினி, மெக்லாரன் என்றால் பானெட் இருண்டு கிடக்கும், முதுகு தகதகக்கும். எஞ்சினைக் கடைசியில் வைத்த போர்ஷே 911 என்றால் வெளிச்சம் வால் நுனிக்கே போய்விடும். உலோகத்துக்குள்ளே ஒளித்து வைத்ததை அந்தக் கேமரா காட்டிக்கொடுத்துவிடுகிறது.

போலீஸிடமும் லம்போர்கினி உண்டா என்று கேட்டிருந்தாய். இத்தாலி போலீஸ் 2004-லேயே கல்லார்டோ ஓட்டியது. துரத்த மட்டுமில்லை, மாற்று அறுவைக்கான உறுப்புகளை அவசரமாகக் கொண்டுபோகவும்தான்.

அப்புறம் ஒரு விஷயம். துரத்தல் முடிந்து கதவு திறக்கும்போது கவனி. கத்தரி மாதிரி மேலே எழும்பினால் லம்போர்கினியின் அவென்டடார் போன்ற பன்னிரண்டு சிலிண்டர் வண்டியாக இருக்கலாம். அதே கம்பெனியின் கல்லார்டோ, ஹுராக்கான் கதவெல்லாம் நம் வீட்டுக் கார் மாதிரி பக்கவாட்டில்தான் திறக்கும். ஆனால் கதவை மட்டும் நம்பிவிடாதே. பான்டியாக் ஃபியரோ என்ற பழைய அமெரிக்கக் கார் மேல் ஃபைபர் உடம்பு போர்த்தி லம்போர்கினி ஆக்குகிறவர்களும் உண்டு. அதற்கும் எஞ்சின் நடுவில்தான், வெப்பக் கேமராவே ஏமாந்துவிடும்!

சரி, உனக்கு ஒரு கேள்வி. நேற்று பார்த்த காட்சியில் பக்கத்துக்கு ஒரு வட்ட விளக்கு, பின்னால் நட்டநடுவில் சேர்ந்தாற்போல் மூன்று சைலன்சர் குழாய். பெரிய இறக்கை எதுவும் இல்லை, அதனால் பெரிய இறக்கை வைத்த பழைய ஃபெராரி எஃப்40 என்று எழுதி என்னிடம் மாட்டிக்கொள்ளாதே. கண் கட்டை அவிழ்த்ததும் பதில் போடு. மகளிடம் கேட்கக் கூடாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்