மேலூர் குடோனைத் தேடிய கதை

மதுரையில் அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மொத்த வியாபார அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் மேலூர் குடோனின் வாடகை ஒப்பந்தம் அவசரமாகத் தேவைப்பட்டது. எங்கள் கணினியின் தேடல் பெட்டியில் 'மேலூர்' என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில், ஓய்வுபெற்றுப் போன அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். "அதுவா, 'புதுசு-2'னு ஒரு கோப்பு இருக்கும் பாருங்க" என்றார். இருந்தது. முதல் வரியிலேயே 'மேலூரில் உள்ள குடோன்' என்றும் இருந்தது.

விசாரித்தபோதுதான் புரிந்தது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோடில் 'மேலூர்' முடிவது ரகரமும் புள்ளியுமாக. 'மேலூரில்' என்றானதும் புள்ளி போய் அந்த இடத்தில் இகரக் குறி வந்துவிடுகிறது. அதனால் சொல்லின் தொடக்கத்தை வைத்துத் தேடினாலும் சிக்காது. ஆறு 'ஆற்றில்' ஆவதும் வீடு 'வீட்டை' ஆவதும் இன்னும் சிக்கல். ஆங்கிலச் சொற்களின் விகுதியை வெட்டித் தேட 1980-லேயே மார்ட்டின் போர்ட்டர் என்ற கணினி ஆய்வாளர் வழி சொல்லிவிட்டார். இன்று லூசீன் என்னும் இலவசத் தேடல் மென்பொருளில் தமிழுக்கென்றே, சொல்லின் உருபை வெட்டித் தேட உதவும் ஒரு பகுப்பான் இருக்கிறது. எல்லா உருபையும் அது பிடித்துவிடாதுதான். ஆனாலும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாமே?

அப்புறம் பழைய கோப்புகள். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். எங்களிடம் இருப்பவற்றில் பாதி அதற்கு முந்தையவை. பாமினி எழுத்துருவில் அடித்தது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகள். ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத் தேடல் அட்டவணையில் ஏற்றுங்கள். ஸ்கேன் செய்த பத்திரங்கள் வெறும் படங்கள். படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி (OCR) மென்பொருள் படித்துச் சொல்லாவிட்டால் அவை இருந்தும் இல்லாத கணக்குதான்.

நாங்கள் தேடி ஏமாந்த சொற்களைப் பதிவுசெய்து, வாரம் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். திருமங்கலத்தை ஆங்கிலத்தில் வெறும் 'டி' போட்டுத் தொடங்குபவரும் 'டிஎச்' போட்டுத் தொடங்குபவரும் எங்களிடம் அடுத்தடுத்த மேஜை!

எல்லாம் கிடைக்க வேண்டும் என்றேன் என்பதற்காகச் சம்பளப் பட்டியலையும் காட்டிவிடாதீர்கள். யாருக்குத் திறக்க உரிமையோ அவருக்கு மட்டுமே முடிவுகளில் வரவேண்டும். தலைப்பு தெரிந்தாலே போதும், சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குப் போய்விடும்.

தை மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம். கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று இப்போதே பேச்சு நடக்கிறது. 'புதுசு-3' முன்னணியில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கணக்கர்