மியன்மார் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களோடு பேசுங்கள்: சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2021 பிப்ரவரி 1 காலை, என் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மியன்மார்ப் பெண் ஊருக்கு ஃபோன் போட்டுக்கொண்டே இருந்தார். லைன் கிடைக்கவில்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்து, தொலைபேசியையும் இணையத்தையும் துண்டித்திருந்தது. சில நாள் கழித்துக் கிடைத்தபோது பேச்சுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். யாங்கூனில் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வீடு சட்டி பானையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பீடையை விரட்ட அப்படித் தட்டுவது அங்கே வழக்கமாம். அவரும் ஒரு கரண்டியை எடுத்து, அம்மாவின் தூக்கம் கலையாதபடி அடுப்பு மேடையில் மெல்லத் தட்டினார்.

வெளிநாட்டவர் இங்கே அனுமதியில்லாமல் ஆர்ப்பாட்டம் செய்ய முடியாது. அதனால்தான் குடிமகளான நான் எழுதுகிறேன்.

நம்மால் முடியாது என்று சொல்லாதீர்கள். சிங்கப்பூரில் இயங்கிய நிறுவனங்கள் 25.4 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள ஆயுதங்களையும் அது சார்ந்த பொருள்களையும் அந்த ராணுவத்துக்கு அனுப்பியதாக மியன்மாரின் மனித உரிமை நிலையைக் கண்காணிக்கும் ஐநா சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் சொன்னார். அரசாங்கம் விசாரித்தது. அடுத்த ஆண்டே அந்த ஏற்றுமதி ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்துவிட்டதாக அவரே அறிவித்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னும் ஓர் அடி எடுத்து வையுங்கள். 2020 தேர்தலில் வென்றவர்களும் சிறுபான்மை இனத் தலைவர்களும் சேர்ந்து ராணுவ ஆட்சிக்கு எதிராக அமைத்த தேசிய ஒற்றுமை அரசாங்கத்தோடு வெளிப்படையாகப் பேசுங்கள். மலேசியாவின் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சைஃபுதீன் அப்துல்லா 2022லேயே அந்த ஒற்றுமை அரசாங்கத்தின் வெளியுறவு அமைச்சர் ஸின் மார் ஆங்கைச் சந்தித்தார். மியன்மார் நெருக்கடியைத் தீர்க்க, தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் 2021ல் கண்ட ஐந்து அம்ச இணக்கமும் எல்லாத் தரப்பும் பேசவேண்டும் என்றுதானே சொல்கிறது? வென்ற கட்சியையே 2023ல் கலைத்துவிட்டு ராணுவம் நடத்திய தேர்தலை, மக்கள் தீர்ப்பாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

என் பாட்டி ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கூனில், பிறந்தவர். 1960களில் நெ வின்னின் ராணுவ ஆட்சி தாத்தாவின் கடையை எடுத்துக்கொண்டு, குடும்பத்தை வெறுங்கையோடு கப்பலேற்றியது. அன்று எங்களுக்காகக் கேட்க ஆளில்லை.

அப்புறம், ஊர் திரும்ப அஞ்சுகிறவர்களுக்குக் கடப்பிதழ் முடிந்தாலும் இங்கே தங்க வழி செய்யுங்கள். 2024ல் கட்டாய ராணுவச் சேவை நடப்புக்கு வந்ததிலிருந்து எங்கள் வீட்டுப் பெண்ணின் தம்பி தலைமறைவாக இருக்கிறான். புதுப்பிக்கப் போனால் அவனைப் பற்றிக் கேட்பார்களோ என்று அவருக்குப் பயம். கடப்பிதழ் வரும் மார்ச்சில் முடிகிறது.