கலா, பிபி பூஜ்ஜியமாம்!

அன்புள்ள கலா,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. ராஜிக்கு நிச்சயமான கதை உனக்கு எனக்கு முன்பே வந்திருக்கும். உனக்குத் தெரியாமல் நம் தெருவில் என்ன நடந்திருக்கிறது!

படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். பி.காம். முடித்து இத்தனை வருஷம் கணக்கெழுதிய பிறகு டேட்டா சயின்ஸ் முதுகலை என்றால் முதல் செமஸ்டர் கடினம்தான். பைத்தான் என்ற புரோகிராம் மொழி பிடிபட்டுவிட்டது. புள்ளியியல் ரொம்பப் பிடிக்கிறது. லீனியர் ஆல்ஜீப்ராதான் பாடாய்ப் படுத்துகிறது. பக்கத்தில் உட்காரும் இன்ஜினியரிங் பையன்கள், "இது பர்ஸ்ட் இயர்லயே முடிச்சிட்டோமேக்கா" என்கிறார்கள். சரி, அதை விடு. இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. நர்ஸான உன்னிடம்தான் அதைச் சொல்ல முடியும்.

மெஷின் லேர்னிங், அதாவது டேட்டாவைக் காட்டிக் கம்ப்யூட்டரைக் கணிக்கப் பழக்கும் வித்தை, பழகுபவர்கள் கையில் முதலில் விழும் டேட்டாக்களில் ஒன்று சர்க்கரை நோய் பற்றியது. அமெரிக்காவில், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரை ஒட்டி வாழும் பீமா பழங்குடிப் பெண்கள் 768 பேரின் விவரம். எத்தனை முறை கர்ப்பம், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை, பிபி, மேல்கைத் தோல் மடிப்பு, இன்சுலின், பிஎம்ஐ, வயது என்று போகும். இதை வைத்து யாருக்கு நோய் என்று கம்ப்யூட்டர் கணிக்க வேண்டும்.

ஃபைலைத் திறந்து ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிகக் குறைந்த எண் எது என்று பார்த்தேன். கலா, பிபி பூஜ்ஜியம்! அதுவும் 35 பேருக்கு. 11 பேருக்கு பிஎம்ஐ பூஜ்ஜியம். தோல் மடிப்பில் 227 பூஜ்ஜியங்கள், இன்சுலினில் 374. அளவு கிடைக்காத இடத்திலெல்லாம் பூஜ்ஜியத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள். 1990 முதல் ஊரெல்லாம் சுற்றும் டேட்டா இது. விடுபட்ட மதிப்பு எதுவும் இல்லை என்றுதான் 2011 வரைக்கும் அதன் குறிப்பில் இருந்திருக்கிறது. பிபி பூஜ்ஜியம் என்று உன்னிடம் யாராவது சீட்டு நீட்டியிருந்தால் அன்றைக்கே அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய்.

இதற்கு வகுப்பில் சொல்லும் எளிய வழிகள் இரண்டு. ஒன்று, அந்த வரிகளை நீக்குவது. நீக்கினால் மிஞ்சுவது 392 பேர்தான். இன்னொன்று, நடுமதிப்பை, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை, போட்டு நிரப்புவது. நிரப்பினால் 374 பெண்களுக்கும் ஒரே இன்சுலின். இதைவிட நல்ல முறைகள் அடுத்த செமஸ்டரில் வருமாம். அதுவரை பொறுமை இல்லை எனக்கு.

அப்புறம் கம்ப்யூட்டரின் கணிப்புக்குப் போடும் மதிப்பெண் விஷயம். 768 பேரில் நோய் உள்ளவர்கள் 268 பேர். யாருக்குமே நோய் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 65 சதவீதம் சரியாகிவிடும்! நோயுள்ளவர்களில் எத்தனை பேரைக் கோட்டைவிட்டோம் என்பதல்லவா முதல் கேள்வி?

இந்தப் பெண்கள் யார் என்று தேடிப் படித்தேன். கிலா ஆற்றுப் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆற்றின் மேல்பக்கம் குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்து பஞ்சம் வந்தது. பிறகு அரசு கொடுத்த மாவும் கொழுப்பும் சர்க்கரையும் சாப்பாடாகிவிட்டது. டைப் 2 சர்க்கரை நோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்பட்ட மக்களில் இவர்களும் உண்டு. கடைமடையில் பிறந்த நம் இருவருக்கும் தண்ணீர் வராவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த ஆற்றுக்கு டேட்டாவில் ஒரு நெடுவரிசைகூட இல்லை. படித்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனவே என் ப்ராஜெக்டே விடுபட்ட மதிப்புகளைப் பற்றித்தான் என்று முடிவு செய்துவிட்டேன். எனக்கு நீ ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் சுகாதார நிலையத்தில் பிபி மெஷின் மக்கர் செய்தால் ரெஜிஸ்டரில் என்ன எழுதுவீர்கள்? காலியாக விடுவீர்களா, கோடு போடுவீர்களா, போன மாதத்து எண்ணையே எழுதுவீர்களா? கூட்டம் அதிகமான நாளில் எந்தக் கட்டம் முதலில் விடுபடும்? யாருடைய பெயரும் விவரமும் வேண்டாம், பழக்கம் என்ன என்று தெரிந்தால் போதும். போனில் வேண்டாம், எழுதியே அனுப்பு. ஸ்டெல்லா மிஸ் பார்த்தால் மயங்கி விழும் அந்தக் கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, நான் படித்துவிடுவேன்.

உன்,
மீனா