'வரை' வேறு, 'க்குள்' வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில், நம் மலேசியப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகளுக்காக ஆங்கிலக் காலச் சொற்களைப் பட்டியல் போட்டிருந்தீர்கள். நல்ல காரியம். ஆனால் 'தமிழில் யோசிக்காதீர்கள், மனப்பாடம் செய்யுங்கள்' என்று மேலே போட்டிருந்த வரிதான் உறுத்தியது.

1978-இல் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாக, அதாவது எழுத்தராக, சேர்ந்த புதிது. கால்வாய் வேலை 'பை ஃபிரைடே' முடிய வேண்டும் என்று தோட்ட நிர்வாகியான துரை துண்டுச்சீட்டு அனுப்பினார். அதை நான் 'வெள்ளிக்கிழமை வரை' என்று புரிந்துகொண்டு, ஆறு பேரை வெள்ளி சாயந்தரம் வரை அங்கேயே நிறுத்தும்படி வேலையாட்களை மேய்க்கும் மண்டோரிடம் சொல்லிவிட்டேன். புதன்கிழமையே வேலை முடிந்துவிட்டது. ஆறு பேரும் இரண்டு நாள் கால்வாய்க் கரையில் வெட்டிக்கதை பேசிக்கொண்டிருக்க, பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், பால் வெட்டப்படாமல் கிடந்தன. சனிக்கிழமை விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் எல்லார் முன்னாலும் வாங்கிய ஏச்சு இன்னும் காதிலேயே இருக்கிறது. 'பை' என்றால் 'வெள்ளிக்கிழமைக்குள்', 'அன்டில்' என்றால் 'வெள்ளிக்கிழமை வரை' என்று பள்ளியில் யாராவது ஒருமுறை தமிழில் சொல்லியிருந்தால் போதுமே!

'சின்ஸ்', 'ஃபார்' குழப்பமும் இதே கதைதான். என் பேத்தி 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்றே எழுதிக்கொண்டிருந்தாள். 'இரண்டு வருஷத்திலிருந்து இங்கே இருக்கிறோம்' என்று நம் வீட்டில் யாராவது பேசுவோமா என்று கேட்டேன். சிரித்தாள். 'இரண்டு வருஷமாக' என்போம், '2023-இலிருந்து' என்போம். முன்னது 'ஃபார்', பின்னது 'சின்ஸ்'. அதற்குப் பிறகு அவள் அதில் தடுமாறவில்லை.

சரி, தமிழ் காலை வாரிவிடும் இடமும் உண்டு. 'இரண்டு வருஷமாக வேலை செய்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை, 'ஐ ஆம் வொர்க்கிங்' என்று அப்படியே எழுதினால் பிழை. 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று வரவேண்டும். நம்முடைய 'முன்பு' ஒன்றே ஒன்று, அவர்களுக்கு இரண்டு. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'அகோ', கடந்துபோன வேறொரு சம்பவத்திலிருந்து எண்ணினால் 'பிஃபோர்'. 'வேகமாக' என்பதில் 'ஆக' இருக்கிறதே என்று 'ஃபாஸ்ட்லி' எழுதும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 'ஃபாஸ்ட்' மட்டும் போதும். இவற்றையும் தமிழை வைத்துக் காட்டினால்தானே எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும்?

உங்கள் பட்டியலில் விடுபட்ட ஒன்று, நம் நாட்டுப் பேச்சில் புழங்கும் 'லாஸ்ட் டைம்'. 'லாஸ்ட் டைம் அப்பா பால்மரம் வெட்டினார்' என்கிற பாணியில் 'முன்பெல்லாம்' என்ற பொருளில் எல்லா இனத்தாரும் பேசுகிறோம். மலாய்மொழியில் 'முன்பு' என்ற பொருள்படும் 'டூலு' மாதிரிதான். வெளிநாட்டுக்காரருக்கோ அது 'போன தடவை' என்றுதான் படும். சாப்பாட்டுக் கடையில் பேசினால் ஒன்றும் குடிமுழுகாது. தேர்வுத்தாளில் 'யூஸ்ட் டு' என்று எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த முறை பட்டியல் போடும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதற்கான தமிழையும் போடுங்கள். இடம் போதாதென்றால் அந்த மேல் வரியையாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேரா.