கீழ்ப்பாக்கம் ஜோக்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் சிரிப்புப் பக்கத்தில் ஒரு துணுக்கு. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில் சுவரேறிக் குதித்து வந்தவர் போலீஸ்காரரிடமே வழி கேட்கிறார். பள்ளிக்கூட நாளில் நானும் இந்த மாதிரி ஜோக்குக்குச் சிரித்தவள்தான். 'சரியான கீழ்ப்பாக்கம் கேஸ்டி நீ' என்று தோழிகளைக் கிண்டல் செய்தவள்தான். அதனால் இப்போது வரும் கோபத்தில் பாதி என் மேலேயே.

எங்கள் வீட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை. தம்பிக்கு 24 வயது இருக்கும்போது ஆரம்பித்தது. மாடி வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ராத்திரியெல்லாம் சுவரில் காதை வைத்து உட்கார்ந்திருப்பான். சோறு போட்டால் முதல் வாய் அம்மா தின்று காட்ட வேண்டும். நாங்கள் என்ன செய்தோம்? தாயத்து கட்டினோம். 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்று சித்தப்பா ஜாதகம் எடுத்தார். அப்புறம் திருச்சி பக்கம் குணசீலம் கோயிலில் போய் 48 நாள் தங்கினோம். பத்து நிமிட நடைக்குப் பயந்து 300 கிலோமீட்டர்! கோயிலைக் குறை சொல்லவில்லை. அம்மா அங்கேதான் கொஞ்சம் தூங்கினாள். ஆனால் 'அந்த கேட்டுக்குள்ள நுழையறதை யாராவது பாத்துட்டா?' என்ற ஒரே கேள்வியில் இரண்டு வருடம் போய்விட்டது.

கடைசியில் அங்கேதான் போனோம். மனச்சிதைவு என்றார் டாக்டர். மாத்திரை ஆரம்பித்துச் சில மாதத்தில் தட்டை அவனே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டான். ஒன்பது வருடமாக பைண்டிங் வேலைக்குப் போகிறான்.

போன மாதம் ஹவுஸ் ஓனர் வாடகை வாங்க வந்தவர், ஃப்ரிட்ஜ் மேல் இருந்த ஓ.பி. சீட்டைப் பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவர் மனைவி வந்து, 'உங்க மேல ஒண்ணும் இல்லம்மா, பொம்பளைப் புள்ளைங்க இருக்கற வீடு' என்றார். இரண்டு மாதம் டைம். ஆறு வருடமாக அந்தப் பிள்ளைகளின் நோட்டுக்கெல்லாம் இவன்தான் அட்டை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் தன் சுகர் அளவை மாடிப்படியில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்பவர். நாங்கள் மாத்திரை அட்டையைக் கூட நியூஸ்பேப்பரில் சுற்றித்தான் குப்பையில் போடுவோம். அன்றைக்குச் சீட்டை மறைக்க மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.

உடம்புக்கு வரும் நோயையும் மனதுக்கு வரும் நோயையும் சிகிச்சையில் சமமாக நடத்த வேண்டும் என்று 2017-ம் வருடச் சட்டம் சொல்கிறது. சரி, சட்டம் ஆஸ்பத்திரிக்கும் இன்சூரன்ஸுக்கும் சொல்லும். மாடிப்படிக்கு யார் சொல்வது? 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத் தீ விபத்தில் சங்கிலியோடு கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தபோது, 'படிக்காத ஜனங்க, கட்டிப் போட்டுட்டாங்க' என்று எங்கள் தெருவே பேசியது. இங்கே சங்கிலி கிடையாது. உள்ரூம் தாழ்ப்பாள் உண்டு. யாராவது கேட்டால் 'பையன் பெங்களூர்ல இருக்கான்' என்பதும் உண்டு.

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் சரித்திரம் 1794-ல் தொடங்குகிறது. இப்போதுள்ள இடத்துக்கு வந்தது 1871-ல். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே சிகிச்சையில் இருந்தவர்கள் வளாகத்துக்குள்ளேயே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அவர்களை ஓட்டுப் போடத் தகுந்தவர்கள் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகும் நம் ஜோக்குகளில் இன்னும் சுவரேறிக் குதித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். (கீழ்ப்பாக்கத்தில் இன்றைக்கு ஒரு கிரவுண்டு என்ன விலை என்று விசாரித்தால் யாருக்கும் சிரிப்பு வராது என்பது வேறு விஷயம்.)

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். அந்த மாதிரித் துணுக்கு வந்தால் கிழித்துப் போட்டுவிட்டு, அதே இடத்தில் 14416 என்ற எண்ணைப் போடுங்கள். அரசாங்கத்தின் டெலி மானஸ், மனநல உதவிக்கான போன் எண். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சுவரில் காதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும் வீட்டில் யாராவது உங்கள் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

— ஒரு வாசகி,
அயனாவரம், சென்னை-23.