தமிழை இருந்து கேட்ட தாதிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புடையீர்,

வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிய இந்த வாரத்திலேயே இதை எழுதிவிட வேண்டும் என்று மனம் உந்துகிறது. எனக்கு என்ன நேர்ந்தது என்பதை யேர்மனியில் டோட்முண்டிலும் ஹம்மிலும் வாழும் நம்மவர்கள் பலர் அறிவீர்கள். அதை மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. நாட்பட்ட மனச்சோர்வுக்காகத் தங்கியிருந்து உளச்சிகிச்சை பெற்றேன். இப்போது காலையில் எழுகிறேன், பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுகிறேன்.

முதல் நன்றி அந்தப் பிரிவில் பணியாற்றிய தாதி ஒருவருக்கு உரியது. எங்களுக்கு அளிக்கப்பட்டது, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் மெக்கல்லோ நாட்பட்ட மனச்சோர்வுக்கென்றே உருவாக்கிய சிபாஸ்ப் என்னும் சிகிச்சை. மனதை நோகவைத்த ஒரு சிறு நிகழ்வை எடுத்துக்கொண்டு, என்ன நடந்தது, அதை எப்படி விளங்கிக்கொண்டேன், என்ன செய்தேன், அது எப்படி முடிந்தது, எப்படி முடிந்திருக்க வேண்டுமென்று விரும்பினேன் என்பவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுத வேண்டும். மற்றவற்றை எழுதிவிடுவேன், என் விருப்பத்தைக் கேட்கும் அந்தக் கடைசி இடம் மட்டும் எப்போதும் வெறுமையாகவே கிடக்கும்.

ஒருநாள் பின்னேரம், வேலை முடிந்து குளிர்ச்சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்ட அவர், என் மேசையில் கிடந்த தாளைக் கண்டு நின்றார். "உங்களை நீங்களே ஏசிக்கொள்வது எந்த மொழியில்?" என்று கேட்டார். தமிழில் என்றேன். "அப்படியானால் இதையும் தமிழிலேயே எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். அக்காவோடு தொலைபேசியில் பேசியது பற்றிய தாள் அது. 'எனக்கு ஏலாமல் இருக்கிறது, கொஞ்சம் வாங்கோ அக்கா என்று கேட்டிருக்க வேண்டும்' என்று எழுதினேன். அதை வாசிக்கச் சொன்னார். ஒரு சொல்லும் விளங்காத மொழியில் நான் அழுதழுது வாசித்து முடிக்கும்வரை, மணிக்கூட்டைப் பாராமல், என் முகத்தையே பார்த்தபடி கேட்டிருந்தார். பிறகு, "இன்றுதான் நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள், அது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது" என்றார்.

நோயாளி தங்களிடம் ஏற்படுத்தும் உணர்வை மறைக்காமல் சொல்ல இச்சிகிச்சையில் பணியாளர்களைப் பயிற்றுவிக்கிறார்கள் என்பதைப் பின்னரே அறிந்தேன். அறிந்தபின்பும் அந்தப் பின்னேரத்தின் பெறுமதி எனக்குக் குறையவில்லை. வேலை முடிந்தபின் அமர்ந்திருந்தது எந்தப் பயிற்சியிலும் சேராது. நான் என்ன செய்தாலும், செய்யாவிட்டாலும் எவருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை என்று ஆண்டுக்கணக்காக நம்பியிருந்த எனக்கு, என் ஒரு பார்வை இன்னொருவரை மகிழ்விக்கும் என்று கேட்டதே பெரிய மருந்தாயிற்று. வாரம் ஒரு மணிநேரம் சென்றுவரும் சிகிச்சையில் இப்படியொரு பின்னேரம் வாய்த்திருக்காது என்றே நினைக்கிறேன். அடுத்த நாள் அக்காவை அழைத்துக் கேட்டேன். வந்தார்.

பிள்ளைகளைத் தமிழ் படிக்கத் தமிழாலயத்துக்குக் கூட்டிச்சென்றவர்கள், சோறு சமைத்து வீட்டுவாசல்வரை கொண்டுவந்தவர்கள், ஹம் காமாட்சி அம்பாளிடம் என் பெயரில் அர்ச்சனை செய்தவர்கள், எதுவும் கேட்காமல் என் வேலையைப் பகிர்ந்துகொண்ட தோழர்கள், என்னோடு அறையில் இருந்தவர் ஆகிய எல்லோருக்கும் என் நன்றி.

முகமறியாத சிலருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் நாட்பட்ட மனச்சோர்வுள்ள 681 பேர் பங்கெடுத்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களிலும் சிபாஸ்ப் மட்டும் பெற்றவர்களிலும் 48 விழுக்காட்டினரிடமே நல்ல முன்னேற்றம் காணப்பட, இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 73 விழுக்காடாக இருந்தது. பிறகு யேர்மனியில், முந்திய சிகிச்சைகள் பலனளிக்காத 70 பேர் 12 வாரங்கள் தங்கியிருந்து இதைப் பெற்றபோது முக்கால் பங்கினர் தேறினார்கள். ஆனால் ஓராண்டின் பின்னும் அந்த முன்னேற்றம் நிலைத்தது, தேறியவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு அது என்றாலும், வீடு வந்த பின்பும் சிகிச்சையை விட்டுவிடக் கூடாது என்பதை எனக்கு உணர்த்தியது அதுவே. நானும் விடப்போவதில்லை.

நம்மவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். செலவையும் பிள்ளைகளையும் நினைத்தே பலர் தயங்குகிறீர்கள். அரச மருத்துவக் காப்புறுதி உள்ளவர் வைத்தியசாலையில் தங்கும் நாளொன்றுக்குப் 10 ஈரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாட்கள்வரைதான் செலுத்த வேண்டும். வீட்டில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்து, பார்த்துக்கொள்ள வேறு எவரும் இல்லையென்றால், வீட்டுப்பணிக்கு ஆள் உதவியும் கேட்கலாம். தனியே போகத் தயங்குபவர் எவராயினும் என்னிடம் சொல்லுங்கள். முதல் சந்திப்புக்கு நான் கூட வருவேன், மொழிபெயர்ப்பேன், வாசலில் காத்திருக்கச் சொன்னாலும் காத்திருப்பேன். காப்புறுதி அட்டையையும் குடும்ப வைத்தியரின் கடிதத்தையும் மறவாமல் எடுத்துவாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் சகோதரி