பழைய லேப்டாப் செல்லில் பேட்டரி கட்டித் தரும் கடைக்காரர்களுக்கு

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் பேட்டரி வேலை பார்க்கும் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு, 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்களை மூன்றாகச் சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக, வோல்டேஜ் கூடும்படி) போட்டுத் தருவது நல்ல வேலைதான். எடை குறைகிறது, விவசாயியின் முதுகு பிழைக்கிறது. ஆனால் பழைய சார்ஜரையே மாட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பினால் வினைதான். அந்தச் சார்ஜர் 14 வோல்ட்டுக்கு மேல் தரும். மூன்று செல் சீரிஸுக்கு உச்சமே 12.6. செல்களைக் கண்காணித்துச் சார்ஜை நிறுத்தும் பி.எம்.எஸ். போர்டும் இல்லையென்றால், 4.2-ல் நிற்க வேண்டிய செல் ஒவ்வொன்றும் 4.7 வரை ஏறும். தீப்பிடிக்க அது போதும்.

சரியான சார்ஜர் கொடுத்தாலும் தொல்லை தீராது. சீரிஸில் எல்லாச் செல்லிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். நடுவில் ஒரு கிழட்டுச் செல் மாட்டினால், அது முதலில் காலியாகும்; சார்ஜ் ஏறும்போதும் அதுதான் முதலில் நிரம்பும். மொத்த வோல்டேஜை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். அதனால்தான் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் போர்டு வேண்டும் என்கிறேன்.

பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்ப்பதில்) வோல்டேஜ் ஏறாதே, அப்புறம் என்ன ஆபத்து என்பீர்கள். 4.2-ல் நிற்கும் செல்லோடு 3.5-ல் நிற்கும் செல்லைச் சேருங்கள். செல்லுக்குள்ளேயே இருக்கும் மின்தடை ஆளுக்கு 50 மில்லி ஓம் என்று வைத்தால், சேர்த்த நொடியில் 7 ஆம்பியர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். லோடே மாட்டாதபோது! மல்டிமீட்டரில் பார்த்து, ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சேருங்கள். (கொள்ளளவு 9900 எம்.ஏ.ஹெச். என்று அச்சடித்த செல்லைக் கையாலும் தொடாதீர்கள். நல்ல கம்பெனி 18650-யிலேயே 3500-ஐ ஒட்டித்தான் வரும்.)

வேப் கருவிகள் (மின் சிகரெட்) வெடித்த செய்திகளில் அடிபடுவதும் பெரும்பாலும் இதே ரகச் செல்தான். அந்தக் கருவிக்கு 2019 முதல் நாடு முழுக்கத் தடை. செல்லுக்குத் தடையில்லை, இருக்கவும் வேண்டாம். அதில் பேரலலில் இருக்கும் இரண்டு செல்லைச் சீரிஸுக்கு மாற்றினால், சூடாகும் கம்பிச் சுருளான அதே காயிலில் இரண்டு மடங்கு கரண்ட் ஓடும், அதை ஒவ்வொரு செல்லும் முழுசாகத் தாங்க வேண்டும். பேரலல் என்றால் பங்கு போட்டுக்கொள்ளும். உங்கள் மோட்டாருக்கும் கணக்குப் பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

2022 மார்ச்சில் சின்ன அல்லாபுரத்தில் சார்ஜில் இருந்த மின்சார வண்டி எரிந்து, புகையில் ஒரு தகப்பனும் மகளும் இறந்ததை நம் ஊர் மறந்திருக்காது. எனவே கேட்பது இதுதான்: பேட்டரியின் மேல் மார்க்கர் பேனாவால் சீரிஸா பேரலலா, எத்தனை செல், எத்தனை வோல்ட் சார்ஜர், கட்டிய தேதி என்ன என்று எழுதிக் கொடுங்கள். ராத்திரி சார்ஜில் விட்டுத் தூங்க வேண்டாம் என்று வாயாலும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்